வாசனை மட்டும் சாப்பிட்டுப் போனவங்க

தெரியும், தெரியும். நீங்க எதுக்குக் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா? மலை, மூடுபனி, பழைய லாட்ஜ், கரண்டு வேற போயிருச்சு, கேட்டாலும் சாவி தராத நாலாம் நம்பர் ரூம் ஒண்ணு வேற இருக்கு, இந்தாளு இப்ப ஒரு வெள்ளச் சேலையக் கூட்டிட்டு வரப்போறான்னு திருச்சி மேடம் சால்வைய இறுக்கிப் பிடிச்சாச்சு. வெள்ளச் சேல கெடையாது மேடம், கைய எடுங்க, சால்வை கிழிஞ்சிரும். அந்தா புதுசாக் கல்யாணமான தம்பி, அவரு காதல் கதை வரும்னு பாக்குறாரு, பக்கத்துல இருக்கிற பாப்பாவும் அதையே பாக்குது. அதுவும் கெடையாது, இருந்தாலும் நான் சொல்ல மாட்டேன். மூலையில பெஞ்சுல சாஞ்சிருக்காரே கண்டக்டர் சங்கரபாண்டி, அவரு மட்டுந்தான் எங்கிட்ட எதையும் எதிர்பாக்கல. ரேடியேட்டர் கொதிச்சுப் போன பஸ்சுக்கு மெக்கானிக் வரணும், தனக்கு ஒரு டீ வரணும், அவ்வளவுதான். பாவம், நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்த ரூட்டுல ஓடிக்கிட்டு இருந்தவரு, எங்கெங்கயோ மாத்தி, இன்னைக்குத்தான் மறுபடி மலையேறுனாரு, ஏறுன அன்னைக்கே வண்டி படுத்திருச்சு.

உள்ள எண்ணெய்ச் சட்டி சத்தம் கேக்குதா? மொளகா பஜ்ஜி. போடுறது யாருன்னு கதையிலயே வரும். பஜ்ஜி வெளிய வர்ற வரைக்கும் கதை, வந்துட்டா நான் நிப்பாட்டிருவேன், ஏன்னா எனக்கும் வாய் ஒண்ணுதான்.

எங்க ஊருக்குப் பன்னெண்டாம் முடக்குன்னு பேரு. மலையேறி வந்த பஸ்சு பன்னெண்டாவது கொண்டை ஊசி வளைவுல மூச்சு வாங்க நின்னுச்சு, நின்ன எடத்துல காசிமாயன் ஒரு டீக்கடை போட்டான், டீக்கடை இருந்ததால ஒரு லாட்ஜு வந்துச்சு, லாட்ஜு இருந்ததால ஒரு வியூ பாயிண்ட்டு வந்துச்சு, வியூ பாயிண்ட்டு வந்ததால ஹோம்மேட் சாக்லேட்டும் நீலகிரித் தைலமும் ஸ்வெட்டர் கடையும் ஒரு குதிரையும் வந்துச்சு, குதிரை ஒண்ணுதான், ஆனா அதுக்கு ஊருல இருக்கிற எல்லாரையும் விட மரியாத ஜாஸ்தி. இப்படி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா எல்லாம் வந்த ஊருல, ஒரு மார்கழி மாசம் வெள்ளிக்கிழமை காலையில, முத பஸ்சு வர்றதுக்கு முன்னாடியே ஒரு குடும்பம் வந்து வியூ பாயிண்ட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

புருஷன், பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. நல்ல செருப்பு, நல்ல சிரிப்பு. காசிமாயன் டீ கொண்டு போனான், புருஷங்காரரு கிளாஸை வாங்கி மூக்குக்கிட்ட வச்சு ஒரு மோந்து மோந்தாரு, மொகம் மலர்ந்துச்சு, கிளாஸு கீழ விழுந்து ஒடஞ்சுச்சு, பாத்தா அங்க ஆளில்ல. பொண்டாட்டி இல்ல, புள்ளைங்க இல்ல. சரியா அதே நிமிஷம் லாட்ஜுல போன் அடிச்சுச்சு, "கரூர்லேர்ந்து பேசுறோம்மா, இந்த வாரம் அங்க வர்றதாப் பிளான் போட்டிருந்தோம், திடீர்னு சொந்தத்துல ஒரு விசேஷம், வரல"ன்னு. காசிமாயன் ஒடஞ்ச கிளாஸைப் பெருக்கிக்கிட்டே யோசிச்சான், யோசிச்சு முடிச்சுட்டு ஊருக்குச் சொன்னான்: "வந்தது அவங்க இல்லப்பா. அவங்க போட்ட பிளான்தான் வந்துட்டுப் போயிருக்கு."

அவ்வளவுதான். அதுக்கு மேல ஏன், எப்படின்னு எங்க ஊருல ஒரு ஆளு கேக்கல. மழை ஏன் மேலேர்ந்து கீழ பெய்யுதுன்னு யாராச்சும் கேக்குறோமா, குடையத்தானே தேடுறோம்? காசிமாயன் அன்னைக்கே கிளாஸையெல்லாம் மூட்ட கட்டிட்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் போட்டான்.

அதுக்கப்புறம் வெள்ளிக்கெழமைன்னா வர ஆரம்பிச்சாங்க. கீழ ஊர்கள்ல எந்தெந்த வீட்டுல ராத்திரி சாப்பிட்டுட்டு, "இந்த சனி ஞாயிறு எங்கயாச்சும் மலைக்குப் போயிட்டு வருவமா"ன்னு பேச்சு எடுக்குறாங்களோ, அந்தந்த வீட்டு ஆளுங்க விடிஞ்சா இங்க நிப்பாங்க. பாத்தவுடனே கண்டுபிடிச்சிரலாம், இந்தக் குளிர்ல நாம பேசினா வாயில பொக வரும், அவங்களுக்கு வராது. நாயி கொரைக்காது. நடந்தா ஈரப் புல்லுல தடம் விழாது. குப்பை போட மாட்டாங்க, குரங்குக்கு முறுக்கு குடுக்க மாட்டாங்க, பாறையில பேரு எழுத மாட்டாங்க, அவங்கள மாதிரி டூரிஸ்ட்டு ஒலகத்துல கெடையாது. பிளான் எவ்வளவு உறுதியோ அவ்வளவு உறுதியா ஆளு இருப்பாங்க. ஒரு வீட்டுல புருஷன் மலைக்குன்னு சொல்லி, பொண்டாட்டி ராமேஸ்வரம்னு சொல்லி, சண்டை முடியாமயே படுத்துட்டாங்க போல, அந்தாளு இடுப்பு வரைக்கும் மட்டும் வந்து ஒரு நாள் முழுக்க சாக்லேட் கடை வாசல்ல மெதந்துக்கிட்டு இருந்தாரு, யாரும் தப்பா நெனைக்கல, கடைக்காரம்மா ஒரு முக்காலி எடுத்துப் போட்டுச்சு. இன்னொரு தடவை கூடப்படிச்சவங்க இருபத்திரெண்டு பேரு வாட்ஸப்புல குரூப்பு ஆரம்பிச்சு ஒரே கும்பலா வந்து வியூ பாயிண்ட்டுல கையக் கோத்து நின்னாங்க, கீழ ஒவ்வொருத்தரா குரூப்ப விட்டு வெளிய போகப் போக இங்க ஒவ்வொருத்தரா காணாமப் போனாங்க, கடைசியில அட்மின் ஒருத்தர் மட்டும் ரெண்டு பக்கமும் கைய நீட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வரைக்கும் நின்னாரு. அவருக்கு எங்க பிரசிடெண்ட்டு செல்லமணியே போயி மாலை போட்டாரு.

குளிருமேன்னு ஸ்வெட்டர் கடைப் பொம்பளைங்க அவங்களுக்கு ஸ்வெட்டர் மாட்டி விடுவாங்க. பிளான் கலைஞ்சா ஆளு போயிரும், ஸ்வெட்டரு ரோட்டுல தொப்புன்னு விழும். சனிக்கெழமை காலையில பாக்கணுமே, சிவப்பு, பச்சை, மஞ்சள்னு பழம் உதுந்த மாதிரி ஊரு முழுக்க ஸ்வெட்டரு கெடக்கும், பொம்பளைங்க சேந்து பொறுக்கி மடிச்சு எடுத்துட்டுப் போவாங்க. பங்குச் சாமியாரு பிரசங்கத்துலயே சொல்லிட்டாரு, "வந்தவன் விருந்தாளி. அவன் வாயில பொக வருதான்னு ஆண்டவர் பாக்கல, நீ என்ன பாக்குறது?" மாரியம்மன் கோயில் பூசாரியும் அதையே வேற மாதிரி சொன்னாரு, "அம்மனே கண்ணுக்குத் தெரியாமத்தான் வர்றா, இவங்க தெரிஞ்சு வர்றாங்க, அதுக்காகக் கோவிச்சுக்க முடியுமா?"

எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணுதான் ஊருக்குப் பொறுக்கல.

நம்ம பக்கத்துல யாராச்சும் "போறேன்"னு சொல்லிட்டு வாசல் தாண்டுவாங்களா? மாட்டாங்க. போயிட்டு வர்றேன்னு சொல்லணும், இருக்கிறவங்க போயிட்டு வாங்கன்னு சொல்லணும், அப்பத்தான் போன காலு திரும்பும். இவங்களுக்கு வாயசையும், சத்தம் வராது. பிளான் போடும்போது எங்க போறோம், என்ன திங்கிறோம்னு போடுவாங்களே தவிர, என்ன பேசப் போறோம்னு யாரு போடுறா? அதனால வந்தாங்க, நின்னாங்க, ஒரு வார்த்த சொல்லாம பொசுக்குனு போனாங்க. வாரத்துக்கு நாப்பது பேரு, அம்பது பேரு இப்படிச் சொல்லாமப் போனா ஒரு ஊரு தாங்குமா? பாலு திரிஞ்சுச்சு. குதிரை மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. எல்லாரையும் விட அதிகமாக் கலங்குனது பிரகாசிதான்.

பிரகாசி யாரு? இந்த லாட்ஜுக்காரி. மார்த்தாண்டத்துக்காரி, கட்டிக்கிட்டு மலைக்கு வந்தவ. அவ வீட்டுக்காரரு ஒரு நாள் முட்டைக்கோசு லாரியில கீழ போகும்போது என்ன கோவமோ, "போறேன்"னு ஒத்த வார்த்த சொல்லிட்டுப் போனாரு. சொன்ன சொல்லு தவறாத மனுஷன். இப்ப எங்கயோ வேற குடும்பத்தோட நல்லா இருக்காராம், இருக்கட்டும். ஆனா அன்னைலேர்ந்து யாரு படியிறங்குனாலும் பிரகாசி அவங்க வாயத்தான் பாப்பா. ஒம்பது ரூமு, ஒம்பது ரூமுலேர்ந்தும் சனி ஞாயிறுக்குச் சொல்லாமப் போறாங்கன்னா அவ மனசு என்ன ஆகும்?

அப்பத்தான் ஊரு கூடி என்னைக் கூப்பிட்டுச்சு.

நான் யாரு? தவசி. மிமிக்ரி தவசி. ஏழாவது வளைவுல பஸ்சு ரெண்டாவது கியருக்கு மாறுற சத்தம், மைக்கு கீங்குன்னதும் சாமியாரு தொண்டையச் செருமுற செருமல், காட்டுப்பன்னி கேரட்டக் கடிக்கிறது, பிரசிடெண்ட்டு ஓட்டுக் கேக்கும்போது சிரிக்கிற சிரிப்பு, அதே பிரசிடெண்ட்டு ஜெயிச்சப்புறம் சிரிக்கிற சிரிப்பு, எல்லாம் இந்த ஒரே தொண்டையிலதான் குடியிருக்கு. செல்லமணி சொன்னாரு, "தவசி, இத்தன நாளா ஊரக் கிண்டல் பண்ணித்தான் காலத்த ஓட்டுன. இப்ப ஊருக்கு ஒரு உபகாரம் பண்ணுப்பா. அவங்க போகும்போது அவங்க குரல்ல நீ சொல்லிரு." நான் கேட்டேன், "அவங்க குரலு எனக்கு எப்படிங்க தெரியும்?" அவரு சொன்னாரு, "அவங்களுக்கே இன்னும் தெரியாது, நீ சொல்றதுதான் குரலு."

மூஞ்சியப் பாத்தாக் குரலு தெரியும், அது ஒரு பழக்கம். நேரந்தான் முக்கியம். ஆளு மறையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி காது மடலு கண்ணாடி மாதிரி ஆகும், பின்னால இருக்கிற மரம் அது வழியாத் தெரியும், அப்ப ஆரம்பிச்சு "வர்றேன்"ல முடிக்கணும். கண்ணிமைக்கிற நேரம் பிந்துனாலும் வெறுங்காத்துல சொன்ன மாதிரி ஆயிரும், அது சொல்லாமப் போறதவிட மோசம். நான் ஒரு தடவகூடப் பிந்துனதில்ல. பெரியவருக்குப் பெரியவரு குரலு, புள்ளைங்களுக்குப் புள்ளைங்க குரலு, "போயிட்டு வர்றோம், போயிட்டு வர்றோம்"னு ஊரு முழுக்கக் கேக்க, ஊரு முழுக்க "போயிட்டு வாங்க"ன்னு பதில் சொல்ல, பாலு திரியறது நின்னுச்சு. குதிரை திரும்பிப் பாத்துச்சு.

இப்படி வந்தவங்கள்ல ஒருத்தருதான் ஞானகுரு. சிவகாசிப் பக்கம் காலண்டர் அடிக்கிற எடத்துல வேலை. அடுத்த வருஷம் எந்தெந்த வெள்ளி லீவு, எந்தெந்தத் திங்கள் லீவுன்னு ஊருக்கு முன்னாடியே தெரிஞ்ச மனுஷன், அதனால வருஷம் முழுக்கப் பிளான் போடுவாரு. டைரியில எழுதிப் போடுவாரு போல, ஆளு அவ்வளவு கெட்டியா இருப்பாரு, தட்டினா டொக்குன்னு சத்தம் கேக்கும். நாலாம் நம்பர் ரூமு, ஆறரைக்கு ஜன்னல், ஏழே காலுக்கு டீ, பதினோரு மணிக்குக் குதிரையத் தடவுறது, நாலு மணிக்கு இதே வராந்தாவுல மொளகா பஜ்ஜி. அவரப் பாத்து நாங்க கடிகாரத்தைத் திருத்துவோம். பஜ்ஜிய அவங்க திங்க மாட்டாங்க, வாசனைய மட்டும் எடுத்துக்குவாங்க. அவரு மூக்குக்கிட்டக் கொண்டு போயி வச்சா அந்தப் பஜ்ஜியில அப்புறம் வாசனையே இருக்காது, வெறும் மாவும் மொளகாயுந்தான், அதத்தான் நாங்க திம்போம்.

அவருக்கு நான் போயிட்டு வர்றேன் மட்டும் சொன்னேனா? மாட்டனே. சமையக்கட்டு ஜன்னலுக்குப் பின்னால நின்னுக்கிட்டுக் கொஞ்சம் சேத்துச் சொன்னேன். நல்ல கனத்த குரலு, கோயில் மணிய வெல்லப்பாகுல முக்கி எடுத்த மாதிரி. "சட்னியில புதினா ஒரு பங்கு தூக்கலா இருக்கு, அதுதான் அழகு"ன்னு சொல்லுவேன். "ஏன், தேங்கா கம்மியா இருக்குன்னு சொல்லுங்களேன்"னு பிரகாசி சிரிப்பா. "கம்மியா இருக்கிறதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தேன்?"னு சொல்லுவேன். பேசுறது நான்னு அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் அவ பதிலெல்லாம் ஞானகுரு மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுவா, ஜன்னல் பக்கம் ஒரு தடவ திரும்ப மாட்டா. நான் மட்டும் மாவுக் கையோட அவ நிக்கிறதப் பாத்துக்கிட்டு இருப்பேன். சரி, அது கதைக்கு வேண்டாம். தம்பி, நீங்க அந்தப் பாப்பாவ இடிக்காதீங்க, காதல் கதை கெடையாதுன்னு முதல்லயே சொல்லிட்டேன்.

பதினோரு வாரம் வந்தாரு. ஒருத்தரும் ஒரிஜினலா வரல, அவரும் வரல, வேற யாரும் வரல. லாட்ஜுப் படுக்கையெல்லாம் கசங்காமயே கெடந்துச்சு. பொறுக்காம பிரகாசியே, ரூமு கேட்டு அவரு அனுப்புன கடுதாசியில இருந்த நம்பருக்குப் போன் போட்டா. அந்தப் பக்கம் அவரு என்ன சொன்னாருன்னு அவ எங்ககிட்ட வந்து சொன்னப்ப அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு என்னால செஞ்சு காட்ட முடியாது, அது ஒண்ணுதான் எனக்கு வராது. அவரு சொன்னாராம்: "எப்பவும் கெளம்பத்தான்மா நெனைக்கிறேன். ஆனா திங்கக்கெழமை காலையில பாத்தா ஏதோ போயிட்டு வந்த மாதிரியே திருப்தியா இருக்கு. ஆளு தெளிவா இருக்கீங்களேன்னு ஆபீஸ்லயே கேக்குறாங்க. அப்புறம் எதுக்கு அலைச்சல்னு விட்டுடுறேன்."

புரிஞ்சுதா? நாங்க நல்லாக் கவனிச்சதுதான் கேடு. டீயும் ஸ்வெட்டரும் முக்காலியும் மாலையும் குடுத்துக் குடுத்து, மனசு நெறஞ்சவன் மலையேறுவானா?

அன்னைக்குச் சாயங்காலம் பிரகாசி இதே வராந்தாவுல நின்னு ஊரப் பாத்துச் சொன்னா. "வாசனையத் தின்னுட்டுப் போறவங்களுக்குச் சமைச்சு எங்கையி சலிச்சுப் போச்சு. நெசமா ஒரு மனுஷன், வாயில பொக விடுற மனுஷன், இங்க வந்து தங்கி, தின்னு, போகும்போது தன் வாயால போயிட்டு வர்றேன்னு சொல்லணும். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வரைக்கும் பாப்பேன். இல்லன்னா திங்கக்கெழமை லாட்ஜப் பூட்டிட்டு மார்த்தாண்டத்துக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்." சொல்லிட்டு, பதினோரு வாரத்துல முத தடவையா ஜன்னல் பக்கம் திரும்புனா. "தவசி, நீ சொல்றது சேத்தியில்ல."

போறேன்னு சொல்லிட்டா. பிரகாசி வாயாலயே போறேன்னு சொல்லிட்டா.

ஊரு கூடி முடிவு பண்ணுச்சு, அடுத்த வாரம் ஞானகுருவ மோசமாக் கவனிக்கணும், கொற வச்சு அனுப்பணும், அப்பத்தான் அந்தக் கொறையத் தேடி ஆளு நெசமா வருவாரு. முடிவு பண்றது சுலபம், எங்க ஊருக்காரனுக்கு அது வருமா? காசிமாயன் ஆறுன டீ கொண்டு போகணும்னு பேச்சு, வழியிலயே மனசு கேக்காம திரும்பிப் போயி இஞ்சி தட்டிப் போட்டுச் சூடாக் கொண்டாந்துட்டான். ஸ்வெட்டர் குடுக்கக் கூடாதுன்னாங்க, குளிர்ல அவரு தோளச் சுருக்குனதப் பாத்து மூணு பொம்பளைங்க மூணு ஸ்வெட்டரோட ஓடுனாங்க. குதிரைக்கு எவ்வளவோ சொல்லி வச்சும் அது போயி அவரு தோள்ல தலைய வச்சுக்கிச்சு. சாமியாரு சிடுசிடுன்னு இருக்கிறேன்னு ஒத்துக்கிட்டு, எதுக்க வந்ததும் ஆசீர்வாதம் பண்ணிட்டாரு.

நாலு மணி ஆச்சு. பஜ்ஜித் தட்டு வந்துச்சு. அவரு கண்ண மூடி, மூக்க நீட்டி, இழுக்கப் போனாரு. அந்த நேரம் பாத்து, அந்த மயிரெழை நேரம் பாத்து, நான் தட்டத் தூக்கிட்டேன்.

அவரு கண்ணத் தொறந்தப்ப எதுக்க வெறும் மேசை. அப்படி ஒரு மூஞ்சிய நான் பாத்ததில்ல, பாலு குடிக்கிற புள்ளையப் பாதியில எடுத்த மாதிரி. அப்படியே காது மடலு தெளிஞ்சு, காணாமப் போயிட்டாரு. அந்த வாரம் மட்டும் நான் அவருக்காக ஒண்ணும் சொல்லல.

வியாழக்கெழமை போன் வந்துச்சு. "நெசமாவே வர்றேம்மா. என்னன்னே தெரியல, நாலு நாளா நெனப்பெல்லாம் மொளகா பஜ்ஜியிலயே இருக்கு."

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கெழமை. பஸ்சு நின்னுச்சு, அவரு எறங்குனாரு, நாய் கொரைச்சுச்சு. கொரைச்சதும் ஊரே சிலிர்த்துப் போச்சு. அவரு வாயத் தொறந்தாரு, நீளமா, வெள்ளையா, பஞ்சு மாதிரி பொக வந்துச்சு, காசிமாயன் கைதட்டிட்டான். "வெந்நி எத்தன மணிக்கு வரும்?"னு கேட்டாரு. கேட்டதும் எனக்கு ஒடம்பெல்லாம் கூசிருச்சு. மணியுமில்ல வெல்லப்பாகுமில்ல, தகர டப்பாவுல நாலு கல்லப் போட்டுக் குலுக்குன குரலு. பிரகாசி அவரு வாயையே பாத்தா. அப்புறம், "ஆறு மணிக்கு வரும்ங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போனா. எனக்கு ரெண்டு நாளும் வேலையில்ல, சும்மா உக்காந்து அவரு பேசுறதக் கேட்டுக்கிட்டு இருந்தேன். தொழில்காரன் சும்மா இருந்தாலும் காது சும்மா இருக்குமா?

மனுஷன் பதினாலு பஜ்ஜி தின்னாரு. நெசமாத் தின்னாரு, வாசனையோட, காம்பு வரைக்கும். விடிஞ்சதும் வயித்தக் கலக்கிருச்சு. ஆறரைக்கு ஜன்னலத் தொறந்தா மூடுபனி, ஒண்ணும் தெரியல. நடக்கப் போனவரு கால்ல அட்டை ஏறிருச்சு, சாக்ஸு சிவந்து போச்சு. தடவப் போன குதிரை தொப்பியத் தின்னுருச்சு. ஞாயித்துக்கெழமை மத்தியானம் பிரகாசி ரசஞ்சோறு வச்சா, அவரு "போதும்மா"ன்னு ஒரு வார்த்தையோட எந்திரிச்சிட்டாரு.

மூணரை மணி பஸ்சு. ஊரே ஸ்டாப்புல நிக்கிது. பிரகாசியோட ட்ரங்குப் பெட்டி அடுக்கிக் கட்டி, அந்தா அந்தத் தூணு பக்கத்துல இருக்கு. எல்லாரும் அவரு வாயத்தான் பாக்குறோம். அவரு யாரையும் பாக்கல. படியில ஏறுனாரு, ஒரு காலு மேல, ஒரு காலு கீழ. ட்ரைவர் ஸ்டார்ட் பண்ணுனாரு, பஸ்சுப் பொகையும் மூடுபனியும் ஒண்ணாச் சேந்து படிக்கட்ட அப்படியே மூடிருச்சு. கண்டக்டர் விசிலு வாய்க்குப் போயிருச்சு. இன்னும் கண்ணிமைக்கிற நேரந்தான் இருக்கு. அப்ப அந்த வெள்ளைக்குள்ளேர்ந்து, தகர டப்பாவுல கல்லு குலுங்குற அதே குரல்ல கேட்டுச்சு: "பஜ்ஜி நல்லா இருந்துச்சும்மா. போயிட்டு வர்றேன்."

"போயிட்டு வாங்க!"ன்னா பிரகாசி. மலைக்கு அந்தாண்ட கேட்டிருக்கும். ஊரே சொல்லுச்சு, போயிட்டு வாங்க, போயிட்டு வாங்கன்னு. அவ முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டு நேரா வந்தா, ட்ரங்குப் பெட்டியத் தொறந்தா, துணிய எடுத்துத் திரும்ப பீரோவுல அடுக்குனா. நான் எங்க நின்னேன்னா கேக்குறீங்க? கூட்டம்னா எங்கயாச்சும் நிக்கத்தானே வேணும், ஸ்டாப்ப ஒட்டியிருக்கிற யூகலிப்டஸ் மரத்தடியில நின்னேன்.

நாலு வருஷம் ஆச்சு. அந்த வாரத்துலேர்ந்து பிளானா வர்ற எல்லாருக்கும் ஒரே வழக்கந்தான், எல்லாத்தையும் குடுப்போம், பஜ்ஜித் தட்ட மட்டும் மூக்குக்கு வர்றதுக்குள்ள தூக்கிருவோம். அதுக்குன்னு ஊரு வச்சிருக்கிற ஆளு நான்தான். நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, கெளம்புறதுக்கு முன்னாடி நாலு நாளா காரணமே இல்லாம மொளகா பஜ்ஜி நெனப்பு வந்துச்சா இல்லையா? ஆங், திருச்சி மேடம் சிரிக்கிறாங்க, போன வாரம் அவங்க தட்டத் தூக்குனப்ப என்னை மொறச்ச மொறப்பு எனக்குத்தானே தெரியும். இப்ப ஒம்பது ரூமுல எட்டு ரூமு எந்நேரமும் நெறஞ்சிருக்கு. நாலாம் நம்பர் மட்டும் யாருக்கும் கெடையாது, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை பிரகாசி தன் கையால பெருக்கி, புது விரிப்புப் போட்டு வைப்பா. வர்றேன்னு சொல்லிட்டுப் போன மனுஷன், தேதி சொல்லலையே தவிர வர்றேன்னு சொல்லியிருக்காருல்ல? அதுல அவளுக்கு ஒரு நிம்மதி. அவ நிம்மதியா இருக்கிறதுல ஊருக்கு நிம்மதி. எனக்கென்ன, எனக்கும்தான்.

இந்தா, பஜ்ஜி வந்திருச்சு. பாத்தீங்களா, தட்டோட வாசப்படியிலயே நின்னுட்டா. எப்பவும் அப்படித்தான், கதை இந்த எடத்துக்கு வந்தா கரண்டிய வச்சுட்டு வந்து நிப்பா. கொண்டா பிரகாசி, ஆறிரப் போகுது.

"இரு தவசி. அவரு எப்படிச் சொன்னாரு? அத இன்னொரு தடவ சொல்லு."

"எத்தன தடவ சொல்றது?"

"இவங்க கேக்கட்டும்யா. சொல்லு."

சரி. எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. பஸ்சு உறுமுது. பொக. மூடுபனி. ஒரு காலு மேல, ஒரு காலு கீழ.

"பஜ்ஜி நல்லா இருந்துச்சும்மா. போயிட்டு வர்றேன்."

மூலையில பெஞ்சு கிறீச்சுன்னுச்சு. கண்டக்டர் சங்கரபாண்டி தொடையத் தட்டிக்கிட்டு எந்திரிச்சாரு.

"அடேயப்பா, அதே குரலு! அன்னைக்கும் அச்சு அசலா இப்படித்தான்யா மரத்துக்குப் பின்னால நின்னு சொன்னீரு, நான் படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், அசந்துட்டேன்! அந்தாளு எங்க வாயத் தொறந்தாரு? ஏறுனாரு, உக்காந்தாரு, ஜன்னலச் சாத்துனாரு, இனிமே இந்த மலைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்னு அடிவாரம் வரைக்கும் பொலம்பிக்கிட்டே வந்தாரு, அக்கா!"